எங்கே நின்று எடுத்தாய்

எங்கள் துறையில் படத்தை மாட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று வாயைத் திறக்க வேண்டும். என்ன நினைத்து எடுத்தாய், ஷட்டர் எவ்வளவு, லென்ஸ் எது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க வருகிற எல்லோருக்கும் விளக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கஸ்தூரி மேடம் கடைசியாக ஒன்று கேட்பார். "எங்க நின்னு எடுத்தே?" நின்ற இடத்தைச் சொல்லத் தெரியாதவன் படம் எடுக்கவில்லை, படம் அவன் மடியில் வந்து விழுந்திருக்கிறது என்பது அவர் கட்சி. முதல் வருடத்திலேயே இது எங்களுக்கு ஊறிப்போய்விட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நின்ற இடத்தைச் சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கம்தான் என் அப்பாவின் கையைத் தின்றது.

நான் ஸ்டெல்லா. வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம். ஊர் செல்லிப்பட்டு. ஊர் என்றால் ஊருக்குள் இல்லை, காலனி. அப்பா ஆரோக்கியம் கொத்தனார். அம்மா திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அப்பா ஊருக்கெல்லாம் மாடி கட்டுவார், எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மட்டும் படி கிடையாது. "கொத்தனார் வூட்டுல ஏணி வெச்சி ஏறணும்" என்று தெருவே கிண்டல் செய்யும். "அடுத்த வருசம் கட்டிடலாம்" என்று அப்பா சிரிப்பார். நான் பிறந்ததிலிருந்து அந்த அடுத்த வருடம் வரவில்லை.

மணிபாரதி என் வகுப்பு. அதே செல்லிப்பட்டுதான், ஆனால் ஊருக்குள் வீடு, கரும்பு நிலம், டிராக்டர் உள்ள குடும்பம். நல்லவன். நல்லவன் என்று சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. யார் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிற நல்லவன்.

அவனுக்குச் சங்கராபரணி ஆற்றை எடுக்க ஆசை. ஆற்றில் திருட்டு மணல் அள்ளுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கரையில் ஆள் போட்டுக் காவல் வைத்திருப்பார்கள். கேமராவோடு கிட்டே போனால் கேமராவும் போகும், பல்லும் போகும். அதனால் எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் மேல் ஏறி, துறையின் பெரிய டெலி லென்ஸை மாட்டி, விடிந்ததும் விடியாததுமான வெளிச்சத்தில் எடுத்தான். அப்பாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கியதும் டீ போட்டுக் கொடுத்தார்.

படம் அபாரம். டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். தள்ளித் தள்ளி நின்ற டிராக்டர்கள் எல்லாம் ஒரே குவியலாகி, தாய்ப்பன்றியின் மடியில் குட்டிகள் முட்டிக்கொள்வது மாதிரி ஆற்றில் முட்டிக்கொண்டு நின்றன. முகம் ஒன்றும் தெரியாது. நம்பர் பிளேட்டும் தெரியாது. கஸ்தூரி மேடமே பெரிதாக்கிப் பார்த்து, யாருக்கும் வம்பு வராது என்று தெரிந்த பிறகுதான் மாட்ட விட்டார். படத்தில் வம்பு இல்லைதான். பக்கத்தில் நின்றவன் வாயில் இருந்தது.

அந்தக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் ராஜ்மோகன். கல்லூரி நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவர், படம் மாட்டும் பலகைகள்கூட அவர் வாங்கிக் கொடுத்தவைதான். கரும்பு, டிப்பர், டிராக்டர் என்று பல தொழில். மணிபாரதிக்குப் பங்காளி வகையில் சித்தப்பா. அன்றைக்கு மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக வந்தார். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு கட்டினவர் கறி மீன் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, யார்மேலும் கை ஓங்கக்கூடாது. ஓங்கினால் தீக்குழியில் கால் வெந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாதா கோயிலுக்குப் போகிற நாங்களும் அதை நம்புவோம்.

எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மணிபாரதியின் படத்துக்கு முன்னால் நின்றார். நான் அடுத்த பலகையில் நின்றிருந்தேன்.

"சொல்லுப்பா, இன்னா படம் இது?"

மணிபாரதி சொன்னான். லென்ஸ் எது, ஏன் விடிகாலை, பனி எப்படித் தூரத்தை வெளுக்க வைக்கும் என்று எல்லாம் அழகாகச் சொன்னான். ராஜ்மோகன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கரையில நின்னாப்புல தெரியலயே. உயரமா எங்கயோ நின்னு எடுத்திருக்கற."

"ஆமா சித்தப்பா. ஸ்டெல்லா வூட்டு டேங்க் மேல நின்னு எடுத்தன். அங்கேர்ந்து ஆறு மொத்தமும் தெரியும். படி இல்ல, ஆரோக்கியம் அங்கிள்தான் ஏணி புடிச்சாரு."

"அங்கிளா?" என்று ராஜ்மோகன் சிரித்தார். "யாரு, கொத்தனாரு ஆரோக்கியமா? அங்கேர்ந்து ஆறு மொத்தமும் தெரியுதா?"

"நல்லாத் தெரியும் சித்தப்பா."

அவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்கு முந்தைய மாதம் அவருடைய டிராக்டர்கள் இரண்டை அதிகாரிகள் ஆற்றிலேயே மடக்கிப் பிடித்திருந்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று அவர் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும், எங்கள் இருவருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இரண்டு மண்டைகளிலும் எதுவும் இல்லை. அப்பா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் ஏணியை மட்டும்தான் பிடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு வேலை இல்லை. எனக்கு 'அசைவு' என்று ஒரு பயிற்சி பாக்கி இருந்தது. ஷட்டரைக் கால் நொடி திறந்து வைத்தால் அசைகிற பொருள் கோடாக இழுபடும், அசையாத பொருள் அப்படியே நிற்கும். அப்பாவின் தூக்குக்குண்டை உத்தரத்தில் கட்டி ஆட்டிவிட்டு, டிரைபாட் இல்லாததால் கேமராவைத் தரையிலேயே வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நேரா தொங்கறதுக்கு வெச்சிருக்கற சாமான ஆட்டி வுட்டு படம் புடிக்கிற. உங்க காலேஜில இன்னாத்ததான் சொல்லித் தராங்க" என்று அப்பா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்.

வெளியே பைக்குகள் வந்து நின்றன. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. என் தோளைப் பிடித்துக் குனியவைத்து, காலால் என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கேமராவும் என்னோடு இழுபட்டு வந்தது.

"வாயத் தொறக்காத. இன்னா நடந்தாலும் வெளிய வராத."

கதவு உடையவில்லை, அது திறந்துதான் இருந்தது. தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டுமாக நாலு பேர் வந்ததாக அப்பா பிற்பாடு சொன்னார். எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. முதல் உதை அப்பாவின் வயிற்றில் விழுந்தது. அவர் தரையில் விழுந்தபோது அவர் முகம் எனக்கு நேராக இருந்தது. என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார், என் பக்கம் பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள் என்று.

மண்வெட்டிக் காம்பால் முதுகில் அடித்தார்கள். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். "டேங்க் மேல ஏத்தி வுடறியா? ஏணி புடிக்கிறியா?" என்று ஒருவன் ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். பதில் சொல்ல அப்பாவுக்கு மூச்சு இல்லை. பிறகு அவரை வாசற்படிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படிக்கல் அவரே இழைத்துப் பதித்தது. அவருடைய வலது கையை அதன்மேல் விரித்து வைத்து ஒருவன் மிதித்துக்கொண்டான். இன்னொருவன் மூலையில் கிடந்த கொத்தனார் சுத்தியலை எடுத்தான். அப்பாவின் சுத்தியல்.

ஐந்தாவதாக ஒரு ஜோடிக் கால் உள்ளே வந்தது அப்போதுதான். வெறுங்கால். சுவரோரமாக வந்து நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை.

சுத்தியல் இறங்கியது. அப்பா கத்தியதை நான் எழுதப்போவதில்லை. அந்தச் சத்தத்தை எதுவோடும் ஒப்பிட எனக்கு இஷ்டம் இல்லை. இரண்டு அடிக்குப் பிறகு சுத்தியல்காரன் நிமிர்ந்து, "போதுமாண்ணே?" என்று கேட்டான். வெறுங்கால் பேசவில்லை. அவன் மறுபடியும் குனிந்தான்.

என் விரல் ஷட்டர்மேல் இருந்தது. துணிச்சல் என்று யாராவது எழுதினால் அது பொய். பயத்தில் எதையாவது இறுக்கிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, கையில் கேமராதான் இருந்தது. அமுக்கினேன். திரும்பத் திரும்ப அமுக்கினேன். அந்தக் கூச்சலில் ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கலவை பூசும் கரணையைப் பிடிக்கவும் முடியாது, செங்கல் தூக்கவும் முடியாது. மயக்கம் தெளிந்ததும் அப்பா போலீஸிடம் தெளிவாகச் சொன்னார்.

"நாலு பேரு மூஞ்சி தெரியாதுங்க. நின்னு பாத்தவரு ராஜ்மோகன். அவரு மூஞ்சிய மூடல."

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். "அவரு அந்த நேரத்துல கோயில்ல இருந்திருக்காரு. தர்மகர்த்தா கண்ணையன் சொல்றாரு, இன்னும் எத்தினியோ பேரு சொல்றாங்க. காப்பு கட்டன மனுசன் வந்து கை வெப்பாராய்யா?"

"அவரு கை வெக்கல சார். நின்னாரு."

"இன்னா பேசறே? ஒருக்கா அவருதான்ற, ஒருக்கா கை வெக்கலன்ற."

ஊரும் அதையேதான் சொன்னது. காலனியிலேயே சில பேர் சொன்னார்கள். காப்பு கட்டினவர் அடிப்பாரா, ஆரோக்கியத்துக்கு அடிபட்டதில் புத்தி குழம்பிவிட்டது, இல்லாவிட்டால் யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான். கை போனதைவிட அப்பாவுக்கு இதுதான் தாங்கவில்லை. "நான் பொய் சொல்றன்னு சொல்றாங்களே ஸ்டெல்லா" என்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவர் வாழ்க்கையில் ஒரு சுவரைக்கூடக் கோணலாக எழுப்பியதில்லை. எனக்கு அந்த ஊரையே கொளுத்த வேண்டும்போல் இருந்தது.

கேமராவைத் திறந்து பார்க்க எனக்குப் பல நாள் பிடித்தது. வார்டுக்கு வெளியே வராண்டாவில் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் இருட்டு. சிலவற்றில் கட்டில் கால் மட்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தது. தரையோடு தரையாக, வாசற்படி வெளிச்சத்தில். அடித்த நாலு பேரும் அதில் இல்லை. இருந்தார்கள், ஆனால் புகையாக இருந்தார்கள். ஷட்டர் கால் நொடியில் நின்றிருந்ததால் அசைந்ததெல்லாம் கரைந்துபோயிருந்தது. சுத்தியல் ஒரு சாம்பல் நிற வளைவு, அவ்வளவுதான். அந்தப் புகைக்கு நடுவில் சுவரோரமாக ஒரு ஜோடிக் கால் மட்டும் சிலை மாதிரி தெளிவாக இருந்தது. மஞ்சள் வேட்டிக் கரை. இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் இல்லை, கணுக்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு.

அடிக்கக்கூடாது என்று விரதம். அதனால் அசையாமல் நின்றிருக்கிறார். அசையாமல் நின்றதால் படத்தில் அவர் ஒருவர்தான் விழுந்திருக்கிறார்.

எஸ்.ஐ.யிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஒத்தக் கால வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? அறுவட மெசின்ல வெரலு போனவன் நம்ம கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க இருக்கான். மஞ்ச வேட்டி அம்மன் கோயில்ல நூறு பேரு கட்டியிருக்கான்." திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மணிபாரதி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நின்றான். ஓங்கி அறைந்தேன். அவன் தலை சுவரில் இடித்தது, பழங்கள் வராண்டா முழுக்க உருண்டன. மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து, "இது இன்னா ஆஸ்பத்திரியா சந்தக்கடையா" என்று இரண்டு பேரையும் திட்டினார்.

"இன்னும் அடி" என்றான்.

"வேணாம். உனுக்கு மூஞ்சி நல்லா இருக்கணும். ஊரு உன்ன கிட்ட சேக்கும், என்ன சேக்காது. எனக்கு ஒரு படம் வேணும்."

"சொல்லு."

"தீமிதியில உங்க சித்தப்பா கால் வேணும். நல்லா தெளிவா வேணும்."

அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்திருப்பான். பிறகு குனிந்து பழங்களைப் பொறுக்கினான். "எடுத்துத் தரன்" என்றான்.

தீமிதி அன்று நான் கயிற்றுக்கு வெளியே, காலனிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். பம்பை மேளம் காதைப் பிளந்தது. காலையில் படுகளம் என்கிற பாரதக் கூத்தில் பீமன் வேடக்காரர் மண்ணால் செய்த துரியோதனனின் தொடையைப் பிளந்தபோது கூடவே கத்திய கூட்டம், இப்போது குழியைச் சுற்றிக் கத்தியது. தணல் செக்கச்செவேல் என்று கிடந்தது. தள்ளி நின்ற எனக்கே முகம் காந்தியது. குழியின் முடிவில் பால் ஊற்றிய பள்ளத்துக்குப் பக்கத்தில், ஊர்ப் பிள்ளை என்கிற உரிமையில், மணிபாரதி குப்புறப் படுத்திருந்தான். அவன் தலைமுடி பொசுங்கும் என்று நினைத்தேன். பொசுங்கட்டும் என்றும் நினைத்தேன்.

ராஜ்மோகன் இறங்கினார். ஓடவில்லை, நடந்தார். தணல் காலடியில் நொறுங்கித் தெறித்தது. பால் பள்ளத்தில் கால் வைத்து ஏறியபோது கூட்டம் கும்பிட்டது. அவர் இரண்டு உள்ளங்கால்களையும் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். ஒரு கொப்புளம் இல்லை.

"பாத்தியா?" என்று எனக்குப் பக்கத்தில் நின்ற கலியம்மாள் அத்தை, எங்கள் தெருக்காரி, என் காதில் சொன்னாள். "கை வெச்சிருந்தா வெந்திருக்காதா? உங்கப்பன் இன்னாத்துக்குடி ஒரு நல்ல மனுசன் பேர இழுத்தான்?"

நான் அவளை அடிக்காமல் வீட்டுக்கு வந்தது எனக்கே ஆச்சரியம்.

பருவ முடிவுக் கண்காட்சியில் என் படமும் மணிபாரதியின் படமும் அடுத்தடுத்த பலகையில். இரண்டு நாள் முன்பே கஸ்தூரி மேடத்திடம் கொடுத்துவிட்டோம். அவர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு வேலை போகலாம், எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"குறிப்புக் கார்டுல ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் எழுதியிருக்கே. நின்ன எடம் எழுதல" என்றார்.

"அத வாயால சொல்றன் மேடம்."

"அப்ப நான் கேக்கறேன்" என்றார். இரண்டையும் மாட்டச் சொல்லிவிட்டார்.

கண்காட்சி தொடங்குமுன் வகுப்பில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். "ஷட்டர ஐநூறுக்குக் கொறையாத வெச்சிக்குங்க. ஐஎஸ்ஓ ஏத்திக்குங்க, படம் பொரிபொரியா வந்தா வந்துட்டுப் போவுது." ஐநூறு என்றால் ஐநூறில் ஒரு பங்கு நொடி, எவ்வளவு வேகமாக அசைந்தாலும் கலங்காது.

"ரூமுக்குள்ள எதுக்குடி ஐநூறு?" என்றாள் செல்வகுமாரி. வகுப்பிலேயே கை நடுங்காதவள் அவள்தான்.

"எதுனா வேகமா நடக்கும். நடக்கலன்னா எல்லாருக்கும் டீ வாங்கித் தரன்."

ராஜ்மோகன் வந்தார். இந்த முறை வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. தீமிதி முடிந்ததும் காப்பை அவிழ்த்தாயிற்று. பின்னால் நிர்வாகத்து ஆட்கள், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஊர் பெரியவர்களோடு தர்மகர்த்தா கண்ணையன். என் பலகைக்கு வந்து நின்றார். நான் யார் பெண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா இது, ஒரே பொகையா இருக்குது?"

"கால் செகண்டு ஷட்டருங்க ஐயா" என்றேன். "இந்த டெக்னிக்ல, அசையறது எல்லாம் கலங்கிடும். அசையாதது மட்டும் தெளிவா வுழும். இங்க சாம்பலா வளைவு தெரியுது பாருங்க, அது சுத்தியல். இந்தப் பொக நாலு பேரு. கீழ வெளுப்பா தெரியுதே, அது ஒரு கொத்தனாரு கை. அடிச்சவங்க யாரும் படத்துல வுழல. நின்னு பாத்தவரு மட்டும் வுழுந்திருக்காரு."

அப்போது கஸ்தூரி மேடம் பின்னாலிருந்து, வழக்கமான குரலில், கேட்டார்.

"எங்க நின்னு எடுத்தே ஸ்டெல்லா?"

"நிக்கல மேடம். கட்டிலுக்கு அடியில படுத்திருந்தன். எங்க அப்பா என்ன அங்க தள்ளி வுட்டுட்டு அடி வாங்கனாரு."

ராஜ்மோகன் மெல்லச் சிரித்தார். "கதை நல்லா இருக்குது. யாரு கால வேணா எடுத்துட்டு எது வேணா சொல்லலாம்."

"சொல்லலாங்க ஐயா. அதான் பக்கத்துல இன்னொரு படம் இருக்குது. அத அவன் சொல்லுவான்."

மணிபாரதி தன் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "இது ரெண்டாயிரத்துல ஒரு பங்கு செகண்டு. அதனால எதுவும் கலங்கல, தெறிக்கற நெருப்புகூட நின்னு போச்சி. தீக்குழி முடியற எடத்துல, பால் பள்ளத்துக்கு ஒட்டி, குப்புறப் படுத்து எடுத்தன். எடது கால்ல ரெண்டாவது வெரலு இல்ல. கணுக்கால்ல பிறை மாதிரி ஒரு தழும்பு, ரெண்டு படத்துலயும் ஒரே எடத்துல இருக்குது." பிறகு நிமிர்ந்து பார்த்தான். "சித்தப்பா, இது நீங்க. ஊரே பாத்துது."

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்தன. கண்ணையனும் பார்த்தார். ராஜ்மோகன் இடது காலை மெதுவாக வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஷூவக் கழட்டிக் காட்டிடுங்க ஐயா" என்றேன். "அந்த வெரலு இருந்துச்சின்னா நான் உங்க கால்ல வுழறன். எங்க அப்பா பொய் சொல்றாருன்னு நானே ஊர்ல சொல்றன்."

"காலனி நாயி, யாரக் கழட்டச் சொல்றே?"

கை வந்ததைப் பார்த்தேன். நான் குனியவில்லை. முதல் அறையில் காது அடைத்தது. என் படத்தைப் பலகையிலிருந்து பிடுங்கி, கண்ணாடிச் சட்டத்தோடு என் முகத்தில் அடித்தார். கண்ணாடி உடைந்து புருவத்தில் இறங்கியது. மணிபாரதி நடுவில் பாய்ந்தான், அவனையும் வயிற்றில் உதைத்துத் தள்ளிவிட்டு, என் முடியைப் பிடித்து மறுபடியும் ஓங்கினார். அந்தக் குழப்பத்தில் ஒரு சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அறை முழுக்க ஷட்டர்கள். எல்லாப் பக்கமிருந்தும், நிற்காமல். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஓங்கிய கை அப்படியே நின்றது. சுற்றிப் பார்த்தார். வகுப்பு முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் இருந்தது, ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குப் புருவத்தில் தையல் போட்டது அதே பெரிய ஆஸ்பத்திரியில்தான். அன்றைக்கே அந்தப் படங்கள் வில்லியனூரிலிருந்து கிருமாம்பாக்கம் வரைக்கும் எல்லோர் போனிலும் இருந்தன. ஒரு கால் கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று வக்கீலால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 'அவர் கை வைப்பாரா' என்று கேட்க ஊரில் இனிமேல் ஆள் இல்லை. மறுநாள் கண்ணையன் தானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அன்றைக்கு அந்த நேரத்தில் ராஜ்மோகன் கோயிலில் இல்லை, கேட்டுக்கொண்டதால் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தார். எஸ்.ஐ. வார்டுக்கு வந்து அப்பாவிடம் முதலிலிருந்து மறுபடியும் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தத் தடவை பேனாவை மூடவில்லை. கலியம்மாள் அத்தை தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் எல்லோரும் போன பிறகு, செல்வகுமாரி எடுத்த படத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். பொரிபொரியாகத்தான் இருந்தது. ஆனால் ராஜ்மோகனின் முகம், பல், ஓங்கிய கையின் ஐந்து விரல்கள், காற்றில் நிற்கிற கண்ணாடித் துண்டுகள் எல்லாம் தெளிவு. ஓரத்தில் என் முடி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அப்பா இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

"நீ எங்கம்மா நின்னே?"

"அவனுக்கு நேர் எதுர்ல ப்பா."

அவர் போனைக் கீழே வைத்தார். மிச்சம் இருந்த இரண்டு விரலால் என் தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, மாடிக்குப் படி கட்ட வேண்டும், நீயே கரணை பிடிக்கக் கற்றுக்கொள் என்றார்.